பள்ளிக்கு வரும் மலைப்பாம்பு: தாளாளர்களும் பெற்றோரும் கவனிக்க

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கோடை முகாம், ஆண்டு விழா, பிறந்தநாள் விருந்து என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் வெளிநாட்டு விலங்குகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பால் பைதான் (Ball python) என்ற மலைப்பாம்பு, இகுவானா என்ற பெரிய ஓணான், மக்காவ் கிளி, சுகர் கிளைடர் என்ற தாவும் குட்டி விலங்கு, சல்காட்டா ஆமை. ஒருவர் மைக்கில் பெயரையும் நாட்டையும் சொல்வார். பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்து, தோளில் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பேனரில் ‘விலங்கு விழிப்புணர்வு’ என்று இருக்கும். நான் கால்நடை மருத்துவன். மாட்டையும் ஆட்டையும் நாயையும் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் இப்போது இவையும் வருகின்றன, பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்த கையோடு.

“எத்தனை பேர் தூக்கினாலும் சும்மாதானுங்க இருக்குது, அத்தனை சாது” என்று கொண்டுவருகிறவர் பெருமையாகச் சொல்வார். அந்தச் ‘சும்மா’தான் எனக்குக் கவலை. பால் பைதான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வரும். பயந்தால் தலையை நடுவே ஒளித்துச் சுருண்டுகொள்ளும், அல்லது அசையாமல் கிடக்கும். நாய் பயந்தால் வாலை ஒடுக்கும், முனகும். பாம்புக்குக் குரலும் இல்லை, முகபாவமும் இல்லை. ஸ்பீக்கர் அதிர, பட்டப்பகலில், கை மாறிக் கை மாறிப் போகும் பாம்பு சும்மா இருந்தால், அதற்குத் தப்ப வழி தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு பைதானைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். முடிச்சை அவிழ்த்ததுமே அறை நாறிவிட்டது. பைக்குள் பாதி செரித்த எலி, ரோமம் சொதசொதவென்று ஊறி, வால் மட்டும் முழுசாக. பாம்பின் வாயோரம் பிசுபிசுவென்று கோழை. முந்தின நாள் இரை கொடுத்திருக்கிறார்கள், மறுநாள் மேடை ஏற்றியிருக்கிறார்கள். இரை எடுத்த பாம்பை இரண்டு நாளாவது தொடக்கூடாது. தொந்தரவு செய்தால் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும். அடுத்த இரையை உடனே கொடுக்கவும் முடியாது.

இகுவானா கதை வேறு. தாடையை விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைகிறது. சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதாமல் எலும்பு இளகிப்போன நோய் அது. நம்மூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் டியூப்லைட் அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ந்தால், எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. அந்த எலும்போடு அதைப் பிள்ளைகள் முன்காலைப் பிடித்துத் தூக்குகிறார்கள்.

“பாம்புன்னா அடிச்சுக் கொல்ற பயம் போகட்டுமுங்க” என்று ஒரு தாளாளர் என்னிடம் வாதாடினார். பயம் குறைய வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தொடத் தொடப் பழகிய கை அடுத்து எங்கே நீளும்? பால் பைதான் குட்டையாய்த் தடித்த உடம்பும் பழுப்புத் திட்டுகளும் கொண்டது. நம் வாய்க்கால் வரப்பிலும் மஞ்சள் காட்டிலும் அதே தடிமனில், அதே பழுப்பில் கிடப்பது கண்ணாடி விரியன். பெரியவர்களே அதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபடுவதுண்டு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாவதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலின் அடையாளம், இருட்டில் டார்ச் அடித்து நடப்பது, கடித்தால் மந்திரிக்கப் போகாமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுவது. ஆப்பிரிக்கப் பாம்பைத் தோளில் போட்டால் இதில் எதுவும் வராது.

அப்புறம் சால்மொனெல்லா. ஆமை, ஓணான் வகை, பாம்பு எல்லாம் இந்தக் கிருமியை நோய் அறிகுறியே இல்லாமல் குடலில் சுமக்கும். பயந்த ஆமை கையிலேயே சிறுநீர் கழிக்கும். அந்தக் கையை டவுசரில் துடைத்துவிட்டுப் பிள்ளை முறுக்கைத் தின்னும். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புக்கு விற்க 1975-இலேயே தடை போட்டார்கள், குழந்தைகளுக்கு இந்தத் தொற்று வந்ததால்தான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஊர்வனவற்றைத் தொடவே வேண்டாம். எல்.கே.ஜி. வகுப்புக்கு இந்த நிகழ்ச்சியைக் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பைதான், இகுவானா, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. அந்தச் சான்றைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளலாம்; சென்னை விமான நிலையத்தில் சூட்கேசுக்குள் பிடிபடும், பாங்காக்கிலிருந்து கடத்திவந்த விலங்குகள் பற்றி அடிக்கடி படிக்கிறோமே. நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி, உடும்பு மேஜையில் இருந்தாலோ அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடலாம்.

உயிருள்ள விலங்கு இல்லாமல் பாடம் நடக்காதா? கோவையிலேயே இயங்கும் சூ அவுட்ரீச் அமைப்பு முகமூடி, அட்டை, விளையாட்டு வைத்தே விலங்குப் பாடம் நடத்திக் காட்டியிருக்கிறது. காஸ் வன அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய உடல்களைப் பயமில்லாமல் அருகில் நின்று பார்க்கலாம். பறவை பார்க்கத் திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு சரணாலயம். விடியற்காலையில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

முன்பணம் கொடுத்தாகிவிட்டது, ரத்து செய்ய முடியாது என்பவர்கள் இதையாவது செய்யுங்கள்: விலங்கு பெட்டியிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் பார்க்க மட்டும் செய்யட்டும். கோடையில் மூடிய காரில் பெட்டியைக் காக்கவைக்க விடாதீர்கள். கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வாசலிலேயே இருக்கட்டும். சானிடைசர் மட்டும் பத்தாது. தொட்ட பிள்ளைக்கு அடுத்த சில நாளில் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், ஆமையையோ பாம்பையோ தொட்டதைக் குழந்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.