நாய் கடித்த கோழிக்கு வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம்

நாய் வாயிலிருந்து மீட்ட கோழிக்கு மஞ்சள்பொடி அப்புவது நம் ஊர்களில் வழக்கம். அதைத் தள்ளிவைத்துவிட்டு, ரத்தம் வடிகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் ஓடும் ரத்தமே சுமார் 100 மில்லிதான். மார்பை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது; மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும்.

அடுத்து, அடியில் துணி விரித்த அட்டைப்பெட்டியில் தனியாக, இருட்டான இடத்தில் வையுங்கள். சிவந்த சதையைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். கோழியின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் அது இறங்கும். மழை, பனிக் காலமானால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கலாம். சூடு தாங்காவிட்டால் விலகிக்கொள்ள இடம் வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, தானே விழுங்க விடுங்கள். மூச்சுக்குழல் நாக்கின் பின்னாலேயே திறப்பதால், வாயில் ஊற்றினால் புரையேறும்.

காயத்தைக் கழுவுவதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் கரையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் மெல்லிய தோலும் சேர்ந்து கிழியும். 20 மில்லி சிரிஞ்சால், வழியும் நீர் தெளியும்வரை பீய்ச்சுங்கள். கடைசியாக, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிறிய டீ நிறத்துக்கு நீர்த்து ஊற்றுங்கள். மூச்சு விடும்போது காயத்தில் குமிழி வந்தால், நுரையீரலோடு இணைந்த மெல்லிய காற்றுப்பை கிழிந்திருக்கிறது. அங்கே ஒரு சொட்டு நீர்கூட விடக் கூடாது.

இத்தனை கழுவச் சொல்வது கோழியின் சீழுக்காக. சீழை இளக்கும் நொதிகள் கோழியின் வெள்ளணுக்களில் குறைவு. அதனால் சீழ் பன்னீர்க்கட்டிபோல இறுகிவிடும், தானாக வடியாது. கீறித்தான் எடுக்க வேண்டும். பொடியை அப்பினாலும், தையல் போட்டு மூடினாலும், பல் இறங்கிய ஆழத்தில் கிருமி சிக்கிக்கொள்ளும். கடிகாயம் திறந்தே இருக்கட்டும். முதல் சில நாள் இருவேளை, பிறகு ஒருவேளை கழுவி, காயம் வறண்டுவிடாமல் மெல்லிசாகத் தேன் தடவுங்கள். பெரிய அளவில் தோல் உரிந்த காயம்கூட சில வாரங்களில் அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து மூடிக்கொள்ளும். பார்க்கவே வியப்பாக இருக்கும். பெட்டிமேல் கொசுவலை அவசியம். ஈ இட்ட முட்டை ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும்.

இரண்டு மூன்று நாளில் காயத்தைச் சுற்றிப் பச்சை படர்ந்தால், அழுகிவிட்டது என்று கோழியை அறுத்துவிடாதீர்கள். அது வெறும் ரத்தக்கட்டு. ரத்தம் சிதையும்போது உண்டாகும் பச்சை நிறமியை மஞ்சளாக்கும் நொதி பறவைகளிடம் இல்லை. கெட்ட நாற்றமும் கறுத்த சதையும்தான் அழுகலின் அடையாளம்.

பூனை கடித்திருந்தால் கதை வேறு. ஊசிமுனைக் காயமானாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை வாயிலுள்ள பாஸ்டுரெல்லா கிருமி ரத்தத்தில் பரவி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். கழுத்துக் காயத்தில் தின்ற இரை வெளியே கசிந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் அப்படித்தான். குடல் கிழிந்து சரிந்த கோழியை வேதனையில் கிடத்தாமல் உடனே முடித்துவிடுவதே இரக்கம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.