கமரா ஏன் மானைக் காட்டியது?

திருகோணமலையில் கோட்டை வாசலுக்குப் பக்கத்திலோ பஸ் நிலையத்தடியிலோ ஒரு புள்ளிமான் வீதியைக் கடந்து போனால் யாரும் அதற்கு அர்த்தம் தேடுவதில்லை. யாராவது எறிந்த மரக்கறித் தோலை மணந்துகொண்டு வந்திருக்கும். அதே வீதியில் ஒரு மர்மத் தொடர் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். கொலை நடந்த இரவு டொக்டரின் கார் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு மான் வந்து, நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது. மறுநாள் பின்னேரம் டச்பே கடற்கரையில் கடலைச் சுருளோடு வாதம் தொடங்கிவிடும். "அந்த மானைச் சும்மா காட்டியிருக்க மாட்டாங்கள் மச்சான். டொக்டரிட்ட துவக்கு இருக்கெண்டு சொல்ல வாறாங்கள்."

சிரிக்க வேண்டாம், இது முட்டாள்தனமான வாதமில்லை. உண்மையான வழக்கில் பொலிஸார் சேர்க்கும் விபரங்களில் பெரும்பகுதி வழக்கோடு சம்பந்தமே இல்லாதது. தொடரில் அப்படியில்லை. ஒவ்வொரு காட்சியையும் ஒருவர் எழுதி, ஒருவர் படம்பிடித்து, ஒருவர் வெட்டாமல் விட்டிருக்கிறார். ஆகவே ரசிகர் கொலைகாரனை விடக் கதாசிரியரின் மனத்தைத்தான் அதிகம் துப்பறிகிறார். எட்டு எபிசோட் தொடரில் இரண்டாவதிலேயே கைதானவர் குற்றவாளி இல்லை. இன்னும் ஆறு எபிசோட் ஓட வேண்டுமே! பெயர்பெற்ற நடிகர் தபால்காரராக வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போனால், அவரைக் கவனிக்கத்தான் வேண்டும். இவையெல்லாம் கதைக்கு வெளியே உள்ள தடயங்கள். என் கணக்கில், கதைக்குள் இருப்பவற்றை விட நம்பகமானவையும் இவைதான்.

சரி, ஏன் இவ்வளவு மினக்கெடுகிறோம்? 1994 இல் ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் பட்டால்தான் ஆர்வம் பிறக்கும் என்றார். ஒன்றுமே தெரியாத விடயத்தில் அந்த இடைவெளி தெரியாது. 2009 இல் கலிபோர்னியாவில் மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வும் இதற்கு இசைவாகவே வந்தது. பொது அறிவுக் கேள்விகளுக்குப் பதில் அறவே தெரியாதவர்களை விடவும், நிச்சயமாகத் தெரிந்தவர்களை விடவும், அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கே ஆர்வம் அதிகம் இருந்தது. ஆர்வம் கூடியபோது, பரிசை எதிர்பார்க்கையில் இயங்கும் கோடேட் என்ற பகுதியும் கூடுதலாக இயங்கியது. நல்ல தொடர் ரசிகரை இந்த அரைகுறை நிலையிலேயே வைத்திருக்கும். வாரம் ஒரு எபிசோட் விட்டால் ஏழு நாள் அதே நிலை.

அந்த ஏழு நாளில்தான் ஊகம் கொழுக்கிறது. முதல் நாள் "டொக்டர்தான் கொன்றார்" என்பதோடு நிற்கும். மூன்றாம் நாள் "டொக்டர், காணாமற்போன தம்பிக்காகப் பழிவாங்க, தபால்காரரின் உதவியோடு கொன்றார்" என்று வளர்ந்திருக்கும். இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது, இல்லையா? ஆனால் நிகழ்தகவுக் கணக்கில் அது முதலாவதை விடக் கூடியதாக இருக்கவே முடியாது. தம்பியும் தபால்காரரும் சேர்ந்து உண்மையாக வேண்டும் என்பதால் வாய்ப்பு குறையத்தான் செய்யும். 1983 இல் டிவர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் லிண்டா என்ற கற்பனைப் பெண்ணை வைத்து இதைச் சோதித்தார்கள். சமூக நீதியில் அக்கறையுள்ளவள் என்று அவளை விபரித்துவிட்டு, அவள் வங்கி ஊழியரா, அல்லது பெண்ணுரிமை இயக்கத்தில் இயங்கும் வங்கி ஊழியரா, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டார்கள். ஏறத்தாழ 85 வீதமானோர் இரண்டாவதையே தேர்ந்தார்கள். விபரம் கூடக் கூடக் கதை நன்றாக ஒட்டுகிறது. ஒட்டுவதை நாம் நடந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் கட்சி பிரிந்துவிடும். டொக்டர் கட்சிக்காரர் திரும்பவும் பார்ப்பதென்றால் டொக்டர் வரும் காட்சிகளைத்தான் பார்ப்பார். 1960 இல் பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்த்து, இவை எந்த விதிப்படி அமைந்தவை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஆட்கள் 8, 10, 12 என்று சொல்லிச் சொல்லி "சரி" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டு இரண்டாகக் கூடும் என்று முடிவுகட்டினார்கள். விதியோ வெறுமனே ஏறுவரிசை. 1, 7, 50 என்று ஒருதரம் கேட்டிருந்தால் அதற்கும் "சரி" என்று வந்து, அந்த முடிவு உடைந்திருக்கும். கடற்கரை வாதத்தில் இதற்குச் சமமான கேள்வி ஒன்று உண்டு: டொக்டர் குற்றவாளி என்றால் எந்தக் காட்சி வந்தே இருக்கக்கூடாது? அதை எதிர்க்கட்சிதான் கேட்கும். குழுவாகப் பார்ப்பதில் உள்ள பெரிய இலாபம் அது.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: விடை முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது. சில வேளை அது கூட இல்லை. 1990 இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ட்வின் பீக்ஸ்' தொடரின் முதல் பாகத்தைப் படம்பிடிக்கையில், அரங்கப் பொருட்களை ஒழுங்குபடுத்தும் பிராங்க் சில்வாவின் உருவம் தவறுதலாக ஒரு கண்ணாடியில் விழுந்துவிட்டது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதை அழிக்கவில்லை. அந்த ஆளையே தொடரின் தீய சக்தியாக்கினார்.

'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் ஜே.ஆர். என்ற வில்லனை யாரோ சுட்டது 1980 மார்ச்சில். முதலில் சுடுவோம், யாரென்று பிறகு பார்ப்போம் என்றே எழுத்தாளர்கள் இறங்கினார்கள். நடிகர்களின் வேலைநிறுத்தமும் குறுக்கிட, பதில் நவம்பர் 21 வரை இழுத்தது. அதுவரை உலகம் முழுக்கப் பந்தயம் கட்டினார்கள். இரகசியம் கசியாதிருக்க வெவ்வேறு நடிகர்கள் சுடுவதாகவும் படம்பிடித்து வைத்தார்கள். கடைசியில் சுட்டவர், ஜே.ஆரின் மனைவியுடைய தங்கை.