ஒரு வரிசை பின்னினால் ஒரு வரிசை இலவசம்

டென்மார்க்கில் போரம் எஷோய் என்ற புதைமேட்டில் 1871-ல் ஓக் மரச் சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண். கூடவே, கம்பளி நூலில் செய்த கூந்தல் வலை. ஓக் மரத்தின் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்த அமிலச் சூழலில் தாவர நார்த் துணிகள் மட்கிவிடும். கம்பளி தாக்குப்பிடிக்கும். அதனால்தான் இந்த வலை நம் கைக்கு வந்தது.

இதில் முடிச்சே கிடையாது. இந்த உத்திக்கு ஸ்ப்ராங் என்று பெயர். நெசவில் நீளவாக்கில் பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் உண்டு. ஸ்ப்ராங்கில் பாவு மட்டும்தான். ஒரு சட்டத்தின் மேல் கம்புக்கும் கீழ்க் கம்புக்கும் இடையே நூல்களை இழுத்துக் கட்ட வேண்டும். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. பின்னால் இருக்கும் நூலை விரலால் முன்னுக்கு இழுத்து, பக்கத்தில் இருக்கும் முன் நூலைப் பின்னுக்குத் தள்ளுவோம். இப்படியே கடைசி நூல் வரை. பக்கத்து நூல்கள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன.

வேடிக்கை இங்கேதான். நூலின் இரண்டு முனையும் கட்டப்பட்டிருப்பதால், மேலே போட்ட முறுக்கு அப்படியே கீழேயும் விழும், எதிர்த் திசையில். நடுவில் ஒரு குச்சியைச் செருகி, ஒரு வரிசையை மேலே தள்ளினால் இன்னொன்று கீழே தானாகத் தயார். வேலை இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி நெருங்கும். அங்கே ஒரு கயிற்றைக் கோத்துப் பூட்டாவிட்டால் எல்லாமே அவிழ்ந்துவிடும். பழைய துணித் துணுக்கின் நடுவில் கண்ணாடியில் பார்த்தது போன்ற கோடு தெரிந்தால், அது ஸ்ப்ராங் என்று ஆய்வாளர்கள் சந்தேகிப்பது இதனால்தான்.

நான் முதலில் முயன்றபோது ஒரு நூலை விட்டுவிட்டேன். மேலே திருத்தினேன், கீழே இருந்த அதன் இரட்டைத் தவறை மறந்தேன். முக்கால் மணி நேர வேலை போச்சு!

சரி, ரப்பர் இல்லாமல் இது எப்படி விரிகிறது? சட்டத்தை விட்டு எடுத்ததும் நூல்கள் சாய்வாகக் கிடக்கின்றன. அகலவாக்கில் இழுத்தால் நூல் நீள்வதில்லை, சாய்வுக் கோணம்தான் மாறுகிறது. அகலம் கூடும், நீளம் குறையும். கொண்டையை அப்படியே கவ்விப் பிடிக்க இது போதும். ஐரோப்பிய ராணுவ அதிகாரிகள் கட்டிய பட்டு இடுப்புக் கச்சைகளும் இதே உத்தியில் ஆனவை.

இடைக்கால ஐரோப்பாவில் மெல்லிய பட்டு வலைகளும் இருந்தன. லண்டன் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. அவை வேறு சாதி: மீன்வலை போல முடிச்சுப் போட்டவை. மேல் வரிசையின் கண்ணுக்குள் (வலையின் ஓட்டைக்குள்) நூலை ஏற்றி, அதன் இரண்டு கால்களையும் பின்னால் சுற்றி, தன் நூலுக்கு அடியிலேயே செருகி இழுக்க வேண்டும். கண்ணின் அளவை ஒரு குச்சிதான் முடிவு செய்யும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சியில் நூல் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 12.6 மில்லிமீட்டர் வரும். அதில் பாதி, அதாவது 6.3, கண்ணின் ஒரு பக்கம்.

பட்டு வழுக்கும் என்பதால் முடிச்சு கொஞ்சம் கீழே நழுவினாலும் கண் இறுகாமல் ஓடும். அப்புறம் அதை ஊசிமுனையால் பிரிப்பது கொடுமை. ஆனால் முடிச்சு இறுகிய வலையில் ஒரு நூல் அறுந்தால் ஒரு ஓட்டையோடு போகும். ஸ்ப்ராங்கில் அறுந்தால், அந்த இடத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும்.