செக் எஞ்சின் லைட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

டேஷ்போர்டில் மஞ்சளாக, எஞ்சினின் கோட்டுருவம் மாதிரி ஒரு சின்னப் படம் எரியும். வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விளக்கு, பெயரும் தெரியும், செக் எஞ்சின் லைட். பட்டறையில் 'செக் லைட் எரியுது' என்பார்கள், சிலர் 'எஞ்சின் லைட்' என்று முடித்துக்கொள்வார்கள். ஆனால் இந்தப் பெயர் விளக்கின் வேலையைச் சொல்லவே இல்லை. 'எஞ்சினைப் பார்' என்று நமக்கு ஒரு கட்டளை போடுகிறது, அவ்வளவுதான். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது, இப்போதே ஓரம் கட்ட வேண்டுமா, வீடு போய்ச் சேரலாமா, எதற்கும் அதில் பதில் இல்லை.

இதனால் நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எஞ்சினே போய்விட்டது என்று பதறி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார், கடைசியில் பெட்ரோல் டேங்க் மூடி சரியாக இறுகாமல் ஆவி கசிந்ததுதான் காரணம். இன்னொருவர் 'வண்டி நல்லாத்தானே ஓடுது' என்று மாதக்கணக்கில் அந்த மஞ்சளோடேயே ஓட்டுகிறார். இரண்டு பேரையும் குறை சொல்ல மாட்டேன். விளக்குக்கு வைத்த பெயரே அரைகுறை.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். செக் என்பது சதுரங்கத்திலிருந்து வந்த சொல். பாரசீகத்தில் ஷா என்றால் அரசன். ராஜாவுக்கு ஆபத்து என்று எதிராளிக்குச் சொல்லும் அந்தக் குரல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் செக் ஆனது. தடுத்து நிறுத்துவது, சரியா என்று பார்ப்பது என்ற பொருள்களெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. வேடிக்கை என்னவென்றால், 'சரிபார்' என்ற இன்றைய பொருளைவிட அந்தப் பழைய சதுரங்கப் பொருள்தான் இந்த விளக்குக்குப் பொருந்துகிறது: காய் இன்னும் வெட்டுப்படவில்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் படும்.

எஞ்சின் லத்தீனிலிருந்து வந்தது. இன்கெனியம் என்றால் ஒருவரின் பிறவித் திறமை, மதிநுட்பம். பிரெஞ்சில் அது சுருங்கி, ஆங்கிலத்தில் முதலில் சாமர்த்தியம், தந்திரம் என்று நின்று, பிறகு தந்திரமாகச் செய்த கருவிக்கு, குறிப்பாகக் கோட்டை இடிக்கும் போர்க்கருவிக்குப் பெயராகி, நீராவி வந்த பிறகுதான் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று எந்திரம், வடமொழி யந்திரத்தோடு உறவுள்ளது, ஆனால் தமிழில் மிகப் பழையது. சங்கப் பாடல்களிலேயே கரும்பு பிழியும் ஆலைக்குக் 'கரும்பின் எந்திரம்' என்று பெயர். இன்னொன்று பொறி. பொறியியல், பொறியாளர், உள்ளெரி பொறி எல்லாம் இதில் கிளைத்தவை. பொறி என்ற சொல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதன் மற்ற பொருள்களும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கின்றன. தீப்பொறி என்கிறோம், பிளக்கில் பறப்பது அதுதான். கண், காது, மூக்கு என்று ஐம்பொறி என்கிறோம், இன்றைய எஞ்சினைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் சென்சார்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன: உள்ளே போகும் காற்றை ஒன்று அளக்கிறது, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை ஒன்று மோப்பம் பிடிக்கிறது, தட்டும் சத்தத்தை ஒன்று கேட்கிறது. ஆனால் இத்தனை பொருள் இருப்பதாலேயே விளக்கின் பெயருக்குப் பொறி சரிவராது. 'பொறி விளக்கு' என்றால் எந்தப் பொறி என்ற கேள்வி வரும். சென்சாருக்கு உணரி என்று தனிச்சொல் நிலைத்துவிட்டதும் நல்லதுக்குத்தான்.

விளக்கு எப்படி வந்தது? 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் கணினிக் கட்டுப்பாட்டைப் பரவலாகக் கொண்டுவந்தபோது 'செக் எஞ்சின்' என்று எழுத்திலேயே ஒரு விளக்கு வைத்தது. அப்போது பழுதின் எண்ணைப் படிக்க ஸ்கேனர் என்ற கருவி கட்டாயமில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இணைப்பில் இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கே பேசும். ஒரு சிமிட்டு, சின்ன இடைவெளி, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு சிமிட்டு: 12. எஞ்சின் ஓடாதபோது அந்த 12 வருவதுதான் முறை, கணினி விழித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வரும் சிமிட்டல்களை எண்ணினால் பழுதின் எண்.

பிறகு சட்டம் வந்தது, விளக்கின் பொருளே மாறியது. வண்டிகள் தங்கள் பழுதைத் தாங்களே கண்டறிய வேண்டும் என்று கலிஃபோர்னியா 1988 மாடல்களிலிருந்து கேட்டது, காற்று மாசைக் குறைப்பதற்காக. 1996-லிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஓபிடி-2 (ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்) என்ற ஒரே பழுதறியும் முறை கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல். இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விளக்கைப் புரிந்துகொள்ள முடியாது. வண்டியிலிருந்து வெளியேறும் நச்சு அளவு மீறிவிடக்கூடிய பழுது வந்தால் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் சட்டம் இதை வைத்திருக்கிறது. எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிவது வேறு விளக்கு, சிவப்பு, அது எரிந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள தூரம் பெரியது.

தொழில்நுட்ப உலகம் இதற்குச் சரியான பெயரும் வைத்தது: மால்ஃபங்ஷன் இண்டிகேட்டர் லாம்ப், சுருக்கமாக மில். 'சரியாக வேலை செய்யாததைச் சுட்டும் விளக்கு'. இதில் எஞ்சின் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டளையும் இல்லை. தமிழாக்கம் செய்கிறவர்கள் கையில் எடுக்க வேண்டியது இந்தப் பெயரைத்தான். அதை விட்டுவிட்டு 'எஞ்சின் சரிபார்ப்பு விளக்கு' என்று எழுதுகிறார்கள். இதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? எஞ்சினை இப்போது யாரோ சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் விளக்கு அணைந்துவிடும் என்று தோன்றும். 'எஞ்சின் எச்சரிக்கை விளக்கு' பரவாயில்லை. எச்சரிக்கை நல்ல சொல், கன்னடத்தில் எச்சர என்றால் விழிப்பு, அந்தக் குடும்பம்தான். ஆனால் டேஷ்போர்டில் பாதி விளக்குகள் எச்சரிக்கை விளக்குகளே, அதனால் இது தனித்து நிற்காது.

நான் சொல்வது பழுதுகாட்டி. பேச்சில் வேண்டுமானால் பழுதுகாட்டி விளக்கு. பழுது எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். காட்டி என்ற பின்னொட்டும் நமக்குப் புதிதில்லை: திசைகாட்டி, நாள்காட்டி, கைகாட்டி. கைகாட்டி மரம் ஊர் எந்தப் பக்கம் என்று காட்டும், கூட நடந்து வராது. இந்த விளக்கும் அப்படித்தான்.

இப்போது டயக்னோசிஸ். கிரேக்கத்தில் டியா என்றால் பிரித்து, ஊடே, க்னோசிஸ் அறிதல். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து அறிவது. மருத்துவத்தில் நோயறிதல் என்கிறோம், வண்டிக்குப் பழுதறிதல். ஓபிடி என்பதன் 'ஆன்-போர்டு' வண்டிக்குள்ளேயே இருப்பதைக் குறிக்கிறது, எனவே வண்டியகப் பழுதறி முறை. ஸ்கேனரில் வரும் எரர் கோடுக்குப் பழுதுக்குறி என்று சொல்லலாம். குறி என்பதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். நோய்க்குறி என்றால் அறிகுறி, நோய்முதல் என்றால் நோயின் காரணம். காய்ச்சல் குறி, அதன் முதல் வேறு எங்கோ இருக்கும். பட்டறைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு, குறியை முதல் என்று எடுத்துக்கொள்வதுதான்.

என் வண்டியிலேயே நடந்தது. பழுதுக்குறி பி0171 (P0171). முதல் எழுத்து பி, எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த 0, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான குறி. 1, காற்றும் எரிபொருளும். கடைசி 71, கலவை மெலிந்திருக்கிறது, அதாவது எரிபொருள் போதவில்லை அல்லது காற்று அதிகம். ஒரு பட்டறையில் இதைப் பார்த்ததும் 'ஆக்சிஜன் சென்சார் போயிருக்கு' என்று சென்சாரை மாற்றினார்கள். நான்காம் நாள் அதே விளக்கு, அதே குறி. புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று அந்த உணரி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, உண்மையைச் சொன்னதைக் கழற்றிப் போட்டிருக்கிறோம்.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் ஒரு பொருளையும் கழற்றவில்லை. ஸ்கேனரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, ஃப்யூல் ட்ரிம் என்ற எண்ணை மட்டும் பார்த்தார். தமிழில் எரிபொருள் திருத்தம் எனலாம். பெட்ரோலை முழுதாக எரிக்க எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், அந்த அளவு தப்பும்போது கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அந்த எண். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது 22 சதவீதம் கூடுதல். ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்தினார், எண் 5-க்கு இறங்கியது. 'எங்கேயோ காத்து உள்ள இழுக்குது' என்றார். ஓட்டை அதே அளவுதான், ஆனால் எஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும்போது அந்த ஓட்டையின் பங்கு சிறுத்துப் போகிறது, அதனால்தான் எண் இறங்கியது. மிதிக்க மிதிக்க எண் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப் பக்கம் போயிருப்பார். உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்த ரப்பர் குழாயை விரலால் வளைத்தபோது அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. பழுதின் முதல் அது. குறி மட்டுமே சென்சாரின் வாயிலிருந்து வந்தது.

இன்னொரு சொல், மிஸ்ஃபயர். பட்டறையில் 'மிஸ்ஸிங்', 'ஒரு சிலிண்டர் அடிக்கல' என்பார்கள். எழுத்தில் எரிதவறல் எனலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதவறல், பி0302 இரண்டாவதில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக்கில் தீப்பொறி பறக்க மின்சாரம் தரும் தனி 'காயில்' (coil) உள்ள வண்டியில் இதைப் பழுதறிவது அழகான வேலை: முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதற்கு மாற்றி, குறியை அழித்து ஓட்டிப் பாருங்கள். குறி பி0302 ஆக நகர்ந்தால் பழுது காயிலோடு நகர்ந்திருக்கிறது, அதை மாற்றலாம். பி0301 அங்கேயே நின்றால் காயில் நல்லது, அடுத்து பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்று போக வேண்டும்.

எரிதவறல் கடுமையானால் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டும். தமிழில் இந்த இரண்டுக்கும் 'லைட் எரியுது' என்றே சொல்லிவிடுகிறோம், இங்கே அது ஆபத்து. சிமிட்டுகிறது என்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிக்குள் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) எரிந்து அதைச் சூடேற்றி உருக்கத் தொடங்கியிருக்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, முடிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டியதுதான். நிலையாக எரிந்தால், வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் இல்லாமல், சிவப்பு விளக்கு எதுவும் கூட இல்லாமல் இருந்தால், அவசரமில்லாமல் பட்டறைக்குப் போகலாம்.

'எரர் கோடை அழிச்சு விடு' என்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல பழுதுகளைக் கணினி ஒரே ஓட்டத்தில் நம்பாது. முதல் ஓட்டத்தில் நிலுவைக் குறியாக வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை ஏற்றும். அதனால் அழித்த உடனே விளக்கு அணைவது எதையும் நிரூபிக்காது. அதைவிட மோசம், அழிக்கும்போது பழுது வந்த நொடியில் வேகம், சுற்று, சூடு எவ்வளவு என்று கணினி எழுதி வைத்த பதிவும் சேர்ந்து போய்விடும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்கிற அந்தப் பதிவைப் பழுதுநேரப் பதிவு என்று சொல்லலாம். ஒரு தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள். உண்மையிலேயே சரியாகிவிட்டால் மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து நன்றாகப் போன பிறகு விளக்கு தானாகவே அணையும்.

ரிப்பேருக்கு நம் சொல் பழுது பார்த்தல். நீக்குதல் இல்லை, பார்த்தல். வைத்தியம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது மாதிரி. பார்ப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும்போது, 'செக்' என்பதை விளக்கின் பெயரில் தனியாகத் தமிழாக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் போனில் சொல்லும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'பழுதுகாட்டி எரியுது, நிலையா எரியுது, சிமிட்டல. நேத்து மேட்டுல ஏறும்போது வந்துச்சு. இன்னும் எதையும் அழிக்கல.'