காபி தெம்பு தருவதில்லை

காபி குடித்தால் தெம்பு வருகிறது என்கிறோம், ஆனால் பாலும் சர்க்கரையும் போடாத காபியில் கலோரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதிலுள்ள காஃபின் செய்வதெல்லாம் களைப்பு என்ற சேதி மூளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். செல்கள் சக்தியைச் செலவழித்ததில் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு செல்களின் மேல் இதற்கென்றே ஏற்பிகள் உண்டு, அங்கே அடினோசின் போய் உட்கார்ந்தால் செல் மந்தமாகும், கண் சொக்கும். காஃபினும் கிட்டத்தட்ட அதே சாயலில் இருப்பதால் அந்த இடத்தில் பொருந்திவிடுகிறது, ஆனால் பொருந்துவதோடு சரி, செல்லை மந்தமாக்குவதில்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. அடினோசின் மட்டும் பின்னால் சேர்ந்துகொண்டே இருக்கும், துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும்.

துண்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறோம். உடலில் உள்ள காஃபின் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை 5 மணிக்கு 100 மில்லிகிராம், அதாவது சுமார் ஒரு கப், குடித்தால் இரவு 10 மணிக்கும் 50 மில்லிகிராம் உள்ளே இருக்கும். "எனக்கெல்லாம் காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பவர்களுக்கு வரும்தான், ஆழ்ந்த தூக்கம்தான் குறையும். புகைபிடிப்பவர்களின் கல்லீரல் காஃபினைச் சீக்கிரமே கழித்துவிடும். அதனால் சிகரெட்டை நிறுத்திவிட்டு அதே அளவு காபியைத் தொடர்ந்தால் படபடப்பு கூடும், பழி என்னவோ சிகரெட்டை விட்டதன் மேல் விழும். கர்ப்பிணிகளுக்கு நேர்மாறு, கடைசி மாதங்களில் பாதி குறையவே 15 மணி நேரம் வரை ஆகலாம்.

சரி, விடுமுறை நாளில் வழக்கமான காபி தவறினால் வருமே, அந்தத் தலைவலிக்கு வருவோம். தினமும் ஏற்பிகள் அடைபட்டுக் கிடந்தால் மூளை சும்மா இருக்காது, கூடுதலாகச் சில ஏற்பிகளைப் போட்டுக்கொள்ளும். ஒரு நாள் காபி இல்லையென்றால் அத்தனை ஏற்பிகளிலும் அடினோசின் உட்காரும், மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், தலை வலிக்கும். கடைசிக் கப்புக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம்கூட இழுக்கலாம். காலையில் முதல் வாய் காபி அவ்வளவு சுகமாக இருக்கிறதே, அதில் ஒரு பங்கு ராத்திரியே தொடங்கிவிட்ட இந்த அவஸ்தை தீர்கிற சுகம்தான்.

இதை அடிமைத்தனம் என்பதா? அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டு கையேடு காஃபினை நிறுத்தினால் வரும் தொல்லைகளை ஒரு கோளாறாகவே ஏற்றுக்கொண்டது, காஃபின் அடிமைத்தனத்தை மட்டும் இன்னும் ஆராய வேண்டும் என்று தள்ளிவைத்தது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. உடல் பழகிப்போவது வேறு, வீட்டை விற்றுக் குடிப்பது வேறு.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. பதற்றம் உள்ளவர்களுக்கு அதுவே அதிகமாக இருக்கலாம். சுத்தமான காஃபின் பொடி மட்டும் வேறு கதை, ஒரு டீஸ்பூனே உயிரைப் பறிக்கக்கூடியது.

நான் ஒருமுறை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டாம் நாள் மண்டை பிளந்தது, ஒரு மாத்திரை போட்டேன், அரை மணி நேரத்தில் அதிசயமாகச் சரியாகிவிட்டது. அப்புறம்தான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பாராசிட்டமால், அதற்குக் கீழே காஃபின்.