பேசிக் முடிந்தது என்று பெட்டியைக் கட்டிவிடாதீர்கள்

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த கணவர் பத்து வார பேசிக் ட்ரெயினிங்கை (அடிப்படைப் பயிற்சியை) முடித்துவிட்டார், இனி சேர்ந்து இருக்கலாம் என்று மனைவிகள் உடனே வீடு தேட ஆரம்பிக்கிறார்கள். பணம் கரைவது அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவரின் அடுத்த பயிற்சி முகாமுக்குப் பக்கத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வீடு எடுத்தார். கணவருக்கோ முகாமுக்குள் பாரக்ஸில்தான், அதாவது சிப்பாய்களின் விடுதியில்தான், தங்க அனுமதி. நான்கு மாதத்தில் அவருக்கு வேறு மாநிலத்தில் போஸ்டிங் வந்தது. லாரி வாடகை, ஒப்பந்தத்தை முறித்த அபராதம் எதற்கும் ஒரு டாலர்கூடத் திரும்ப வரவில்லை. "உங்களை யார் வரச் சொன்னது?" என்று ராணுவ அலுவலகத்தில் கேட்டு அனுப்பிவிட்டார்கள். யாரும் வரச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் வரக்கூடாது என்றும் ஒருவரும் முன்கூட்டியே சொல்லவில்லையே.

விதி இதுதான். பேசிக்குக்குப் பிறகு வரும் தொழில் பயிற்சி (ஏஐடி) ஒரே இடத்தில் 20 வாரத்துக்குக் குறைவு என்றால் குடும்பம் மாறும் செலவை அரசு தராது. மெடிக் (களத்தில் முதலுதவி செய்யும் சிப்பாய்) பயிற்சி 16 வாரம், அதனால் கிடையாது. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் நடக்கும் மொழிப் பயிற்சி அதைவிட நீளம், அதற்குக் கிடைக்கும். கிடைத்தாலும், கணவர் வெளியே உங்களோடு தங்க அவருடைய கமாண்டர் சம்மதிக்க வேண்டும். மற்றவர்கள் முதல் நிரந்தர போஸ்டிங் ஆர்டர் வரும்வரை காத்திருப்பதுதான் நல்லது. ரிசர்வ், நேஷனல் கார்டு போன்ற பகுதிநேரப் படை என்றால் பயிற்சி முடிந்து பெரும்பாலும் ஊருக்கே திரும்புவார், நீங்கள் எங்கும் மாற வேண்டியதில்லை.

ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் செல்லாது. கையில் ஆர்டர் வேண்டும், அதில் குடும்பத்தினராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருத்தம் வாங்கும்வரை லாரியை புக் செய்யாதீர்கள். கல்யாணத் தேதியும் முக்கியம்: ஆர்டர் அமலுக்கு வரும் தேதிக்குப் பிறகு கல்யாணம் செய்தால் அந்த இடமாற்றத்துக்கு உங்களுக்கு எதுவும் கிடையாது.

அதற்கும் முன்னால் டீர்ஸ் என்ற, ராணுவத்தினரையும் அவர்கள் குடும்பத்தினரையும் பதிந்துவைக்கும் பதிவில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அங்கே ஏறாத மனைவிக்கு மருத்துவமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. நம் ஊரில் கல்யாணம் செய்தவர்கள் இங்கேதான் அதிகம் அலைகிறார்கள். கோயில் ரசீதும் போட்டோவும் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும், அது தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், சான்றிதழில் இனிஷியல் முன்னால் என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் தாளையும் முதல் நாளே கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள்.

அப்புறம், பவர் பத்திரம். பயிற்சியில் இருப்பவரைப் போனில் பிடிக்கவே முடியாது, அதனால் அவர் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பொதுப் பவரைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. வீடு, சாமான், டீர்ஸ் என்று காரியத்தைக் குறிப்பிட்டு எழுதிய பவர்தான் வேலைக்கு ஆகும்.

வாடகை ஒப்பந்தத்தில் கணவர் பெயரும் இருக்கட்டும். நிரந்தர மாற்ற ஆர்டர் வந்தால் எஸ்சிஆர்ஏ என்ற, ராணுவத்தினருக்குப் பாதுகாப்பு தரும் சட்டப்படி அபராதமில்லாமல் முறிக்கலாம்: ஆர்டர் நகலோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால், அடுத்த வாடகை தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சட்டம் சிப்பாய்க்காக எழுதியது. மேலே சொன்ன ஒப்பந்தம் அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும்தான் இருந்தது. புதிய ஊரில் முகாமுக்கு வெளியே வீடு பிடிப்பதற்கு முன் முகாமின் ஹவுசிங் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், ஒப்பந்தத்தை அவர்களே படித்துப் பார்ப்பார்கள்.

கொரியா, ஜெர்மனி என்று ஆர்டர் வந்தால் 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்' (குடும்பமும் கூட வர ராணுவம் தரும் அனுமதி) கிடைக்கும்வரை சொந்தக் காசில் டிக்கெட் போட வேண்டாம். குடும்பத்தினரின் மருத்துவப் பரிசோதனை முடிந்தபிறகுதான் அது வரும். அது இல்லாமல் போனால் டிக்கெட் காசு திரும்ப வராது, அங்கே குடும்ப வீடும் கிடைக்காது.

வீடு மாறும் செலவுக்கு டிஎல்ஏ என்று ஒரு தொகை உண்டு. முதல் போஸ்டிங்கில் குடும்பமும் கூடவே மாறினால்தான் அதைத் தருவார்கள். தானாக வராது, கணவர் விண்ணப்பிக்க வேண்டும். பெட்ரோல், ஹோட்டல் ரசீதுகளை மூலத்தோடு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.