புற்றுக்குள் இருக்கும் வயிறு

தம்பலகாமத்தில் சித்தி வீட்டு வளவின் மூலையில், வேப்பமரத்தை ஒட்டி ஒரு கறையான் புற்று இருக்கிறது. போன ஆவணியில் வேலி அடைக்கும்போது மண்வெட்டி பட்டு அதன் ஓரம் உடைந்துவிட்டது. திருகோணமலையின் ஆவணி எப்படி என்று தெரியும்தானே, மாதக்கணக்கில் மழை கிடையாது, நிலம் கல்லாகக் கிடக்கும். ஆனால் உடைந்த இடத்தில் விரலை வைத்தால் ஈரம். ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலைக்காரக் கறையான்கள் வாயில் ஈரமண் உருண்டையோடு வரிசையாக வந்து, ஒவ்வொன்றாக வைத்து ஒட்டத் தொடங்கிவிட்டன.

உள்ளே பழுப்பு நிறத்தில் கடற்பஞ்சு மாதிரி ஒரு கட்டி தெரிந்தது. அதன்மேல் குண்டூசித் தலையளவில் வெள்ளை மணிகள். அதுதான் அவற்றின் தோட்டம். காய்ந்த இலையையும் மரத்தூளையும் தின்று, அரைகுறையாகச் செரித்த நிலையிலேயே வெளியேற்றி, அந்தக் கழிவால் இந்தக் கட்டியைக் கட்டுகின்றன. அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சணம் வளர்கிறது. மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினை உடைத்து மெதுவாக்குவது அந்தப் பூஞ்சணம்தான். பிறகு கறையான்கள் அந்த மணிகளையும், பதமான பழைய கட்டியையும் தின்கின்றன.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மரம் தின்னும் வேறு பல கறையான் இனங்களின் குடலுக்குள் மரத்தைச் செரிக்க உதவும் ஒருசெல் உயிர்கள் வாழ்கின்றன. பூஞ்சணம் வளர்க்கும் கறையான்களின் குடலில் அவை இல்லை. வயிறு செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியைப் புற்று செய்கிறது. பூஞ்சணமும் அப்படித்தான், புற்றின் ஈரத்தையும் சூட்டையும் விட்டு வெளியே தனித்து வாழ அதற்கு முடியாது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக இந்தக் கூட்டு நடக்கிறது. கறையான் புற்றைக் கட்டியது, சரி. புற்றும் கறையானை மாற்றியது. கண்ணில்லாத, மெல்லிய தோலுள்ள அந்தப் பூச்சி நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே காய்ந்து செத்துப்போகும். அது வாழ்கிற காலநிலை அது தானே உண்டாக்கியது.

சூழல் ஒரு பூட்டு, உயிர் அதற்கேற்ப வார்க்கப்படும் சாவி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சாவி பூட்டையும் தேய்க்கிறது என்பதை 1983இல் அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் அழுத்தமாக எழுதினார். 1988இல் ஜான் ஓட்லிங்-ஸ்மீ என்ற ஆய்வாளர் அதற்கு ஒரு பெயரே வைத்தார், தமிழில் வாழிட உருவாக்கம் எனலாம். இது பரிணாமத்தின் தனி விசையா, அல்லது பழைய இயற்கைத் தேர்வுக்குள்ளேயே அடங்கிவிடுகிற ஒன்றா என்று உயிரியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குப் பெயரைவிட, உயிர் சூழலை மாற்ற, அந்தச் சூழல் உயிரை மாற்றும் சுழற்சிதான் முக்கியம்.

மண்புழுவைப் பாருங்கள். டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை 1881இல் அதைப் பற்றித்தான் எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து தொன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போகிறது என்று கணக்கிட்டார். மண்புழுவின் மூதாதையர் நீரில் வாழ்ந்தவை, தரைக்கு வந்தபிறகும் அதன் கழிவுநீக்க உறுப்புகள் நன்னீர் உயிரினுடையவை போலவே வேலை செய்கின்றன. உடலை மாற்றுவதற்குப் பதில், துளையிட்டும் சளியால் பிசைந்தும் மண்ணை ஈரம் பிடிக்கிறதாக மாற்றிக்கொண்டது.

நாமும் வேறில்லை. மாடு வளர்த்துப் பால் குடித்த ஐரோப்பிய, ஆபிரிக்கக் கூட்டங்களில், வளர்ந்த பிறகும் பால்சர்க்கரையைச் செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் பரவியது. மந்தை முதலில், மரபணு பிறகு. ஆனால் இன்னொரு வழியும் இருந்தது. மூதூர், கிண்ணியாப் பக்கம் மண்சட்டியில் உறையும் எருமைத் தயிரில் பால்சர்க்கரையின் ஒரு பகுதியைப் பக்டீரியாக்களே தின்றுவிடுகின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். கறையானுக்குப் புற்று செய்வதை நமக்குச் சட்டி செய்கிறது.

அந்தப் புற்றில் உடும்பு முட்டையிடும், பாம்பு குடியேறும். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த தலைமுறைக் கறையானுக்குப் பூஞ்சணம் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு அதைவிட ஆச்சரியம். இந்த இனங்களில் பெரும்பாலானவற்றில், புதுக்கூடு தொடங்கப் பறக்கும் ஈசல் பூஞ்சண வித்து எதையும் கொண்டுபோவதில்லை. மழை விழுந்ததும் பழைய புற்றுகளிலிருந்து அந்தப் பூஞ்சணமே காளானாகக் குடை விரித்து, வித்துகளைச் சுற்றிலும் தூவுகிறது. புதுக்கூட்டின் முதல் வேலைக்காரர்கள் வெளியே வரும்போது இலைச்சருகோடு சேர்த்து அதைப் பொறுக்கி உள்ளே கொண்டுபோகின்றன.

ஐப்பசி மழைக்குப் பிறகு சித்தி வளவில் அந்தக் காளான் வந்தது. கறிக்குப் பிடுங்கப் போனவர், விரிந்து முடிந்த இரண்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அதைக் கிண்டக்கூடாது என்று அவருடைய அம்மா சொல்வாராம்.